வேற்றுலகக் காற்றும் பூட்டாத மென்பொருளும்

2025 ஏப்ரலில் ஒரு செய்தி உலகத்தையே சுற்றி வந்தது. 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்பைடு இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழுவினர் அறிவித்தார்கள். பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். அப்புறம் என்ன, பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன!

அந்தக் காற்றை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது ஒளியில் ஒரு துளி அதன் காற்று வழியாக வருகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளக்கிறது. மற்றதெல்லாம் கம்ப்யூட்டரின் வேலை. மென்பொருள் லட்சக்கணக்கான கற்பனை வளிமண்டலங்களை உருவாக்கி, எது அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. எந்தெந்த வாயுக்களைச் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்வது மட்டும் மனிதர்கள். பட்டியலில் இல்லாத வாயு விடையில் வராது!

கே2-18பி விஷயத்தில் நடந்தது இதுதான். சில வாரங்களுக்குள் மற்ற ஆய்வாளர்கள் அதே அளவீட்டை வேறு வழிகளில் அலசினார்கள். வெறும் நேர்கோடே போதும் என்றார் ஒருவர். பட்டியலை நீட்டினால் வேறு ஹைட்ரோகார்பன்களும் அதே அளவுக்குப் பொருந்துகின்றன என்றது இன்னொரு குழு.

2022-இல் வாஸ்ப்-39பி கோளின் கதை நேர் எதிர். அந்த அளவீடுகள் உடனுக்குடன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. நான்கு தனித்தனி முறைகளில் அலசியும் 4.3 மைக்ரான் அருகே கார்பன் டை ஆக்சைடின் அதே மேடு தெரிந்தது. பக்கத்தில் விளங்காமல் நின்ற ஒரு சிறு மேடு, பின்னர் சல்பர் டை ஆக்சைடு என்று அடையாளம் காணப்பட்டது.

டாரெக்ஸ், பெட்டிட்ராட்டிரான்ஸ், பொசைடன், யுரேகா என்று இத்துறையில் திறமூல மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர்கூட இறக்கிப் பார்க்கலாம். ஆனாலும் கட்டுரையோடு நிரலையும் வெளியிடுவது இன்னும் அவரவர் பெருந்தன்மையைப் பொறுத்ததாகவே இருக்கிறது. வருடக்கணக்கில் உழைத்து எழுதியதை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கு வழியும் இருக்கிறது. மென்பொருளையே ஆய்வுக் கட்டுரையாக ஏற்கும் இதழ்கள் உண்டு. யுரேகா 2022-இல் அப்படித்தான் வெளிவந்தது.

நிரலை மட்டும் கொடுத்தாலும் போதாது. ஒவ்வொரு வாயுவும் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்கும் என்ற அட்டவணை, சேர்த்த வாயுக்களின் பட்டியல், தொடக்க அனுமானங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். "உயிரின் அடையாளம்" என்று சொல்லும் கட்டுரைக்கு இவை இல்லாமல் இதழ்கள் இடமே தரக்கூடாது.