தலையைக் கழற்றுவதற்கு முன்...

முத்தியால்பேட்டைச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் கார் இந்திரா காந்தி சிக்னலில் நின்றால் போதும், சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது. மரக்காணம் வரை ஈ.சி.ஆரில் ஓட்டிப் போனால் ஒன்றும் செய்வதில்லை. ஒர்க்‌ஷாப்பில், 'ஹெட் கேஸ்கட் போயிற்று, ஹெட்டைக் கழற்ற வேண்டும்' என்கிறார்கள். அவர் வெளியூரில் இருக்கிறார். நானே சரி என்று சொல்லிவிடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள், அம்மா!

உங்கள் குக்கர் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா? அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் இந்தக் கேஸ்கட். எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு. நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அதன் வேலை. அது கெட்டால் செலவு பெரிதுதான். ஆனால் சூடேறிய எஞ்சினுக்கெல்லாம் அதுவே வியாதி என்று யார் சொன்னது?

காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும் தண்ணீர், மூடி திறந்த கணமே முகத்தில் பீறிடும்.

தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறதா? ஆயில் குச்சியில் எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருக்கிறதா? ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் நுரை என்றால் மிரள வேண்டாம். கடைத்தெருவுக்கு மட்டுமே போய் வரும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவதுண்டு. வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் தித்திப்பு வாசனையோடு வெண்புகை வந்தாலும், ஆறிய எஞ்சினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி ஓயாமல் கிளம்பினாலும் சந்தேகம் நியாயமே. அப்போதும் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றட்டும்.

உங்கள் வண்டி விஷயம் வேறு என்று தோன்றுகிறது. ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்று தானாக வரும். நிற்கும்போது விசிறிதான் கதி. கேஸ்கட் போன வண்டி பெரும்பாலும் வேகத்திலும் ஏற்றத்திலும்தான் முதலில் சண்டித்தனம் செய்யும். ஏ.சி.யைப் போட்டு, விசிறி சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். புடவைத் தலைப்பு பத்திரம்!

இதை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் மறு கடிதம் வந்துவிட்டது. விசிறி சுற்றவே இல்லையாம், ஃப்யூஸ் போயிருந்ததாம். ஒர்க்‌ஷாப்காரர் தம் தலையைச் சொறிந்துகொண்டாராம்.