ஒரு கார்டு போடக் கூடாதா?

ஊருக்குப் போன பிள்ளை பத்து நாள் மௌனமாக இருந்துவிட்டால் அம்மா என்ன சொல்வாள்? "சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போடக் கூடாதா?" என்பாள். அந்தக் கேள்வியில் கோபம் கால் பங்கு, வாஞ்சை முக்கால் பங்கு.

இதே கேள்வியை இந்த வாரம் நம் வாசகிகளில் சிலரைப் பார்த்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன். யாரை என்கிறீர்களா? வீட்டில் உட்கார்ந்து தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர்களை. கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்களை. புடவையில் பூத்தையல் போட்டு விற்கிறவர்களை. இவர்களுடைய கைத்திறமைக்குக் குறைவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "அடாடா!" என்கிறார்கள். ஒரு தடவை வாங்கவும் வாங்குகிறார்கள். அத்தோடு சரி! வாங்கினவள் விற்றவளை மறந்துவிடுகிறாள். விற்றவளோ, வாங்கினவளின் விலாசத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

இதனால் என்ன பெரிய நஷ்டம் என்று நினைக்கிறவர்கள் என்னோடு கொஞ்சம் தர்மபுரி மாவட்டம் வரையில் வாருங்கள்.

1965-ஆம் வருஷம் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் அது. அதில் அரூர்ப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே, சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்க் குடிசை ஒன்றில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மலையாளி மக்கள் மட்டுமல்ல, லம்பாடி மக்களும் தாண்டாக்களில் வசிக்கிறார்கள். மாட்டின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு வடக்கேயிருந்து தேசம் தேசமாக நடந்து வந்தவர்களின் வம்சம் அது.

லம்பாடிப் பெண்களின் பாவாடையையும் ரவிக்கையையும் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிச் சில்லு, சோழி, வர்ண நூல் எல்லாம் சேர்ந்து ஜொலிக்கும். தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த தையல் அது. காலம் மாறியது. பெண்கள் புடவைக்கு மாறினார்கள். பாவாடை போனதும் தையலும் போயிற்று. அந்த ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மூதாட்டிகளுக்கு மட்டுமே அது ஞாபகம் இருந்தது. அவர்களிடமிருந்து இளைய பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டு, 2006-ஐ ஒட்டித் தொடங்கியதுதான் 'போர்கை' என்ற அமைப்பு. லம்பாடி பாஷையில் அந்தச் சொல்லுக்குப் 'பெருமை' என்று அர்த்தமாம். என்ன பொருத்தம்!

அந்தப் பெண்கள் தைக்கிற பைகளையும் தலையணை உறைகளையும் உடுப்புகளையும் வாங்குகிறவர்கள் யார்? பக்கத்து ஊர்ச் சந்தைக்காரர்களா? இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கண்காட்சிக்கு வருகிற உங்களைப் போன்றவர்கள்தான். தைக்கிற கை மலைக்கு நடுவே இருக்கிறது; வாங்குகிற கை பட்டணத்தில் இருக்கிறது. வருஷத்தில் ஓரிரு முறை இரண்டும் சந்திக்கின்றன. மற்ற மாதங்களில்? ஊசி சும்மா இருந்தால் உலை கொதிக்குமா? வேலை இல்லாத காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். ஊரை விட்டுப் போகிற பெண்ணோடு அவளுடைய தையலும் போய்விடும்.

ஆகவே, ஒரு கண்காட்சிக்கும் அடுத்த கண்காட்சிக்கும் நடுவே வாங்கினவள் மறக்காமல் இருக்க வேண்டும். இது சிட்லிங்கிக்கு மட்டுமா? மாம்பலத்தில் மாடி அறையில் படம் எழுதும் உங்களுக்கும் இதேதான். இதற்கு நான் சொல்லும் மருந்து மிகவும் பழசு, மிகவும் மலிவு. தபால் கார்டு!

"இந்தக் காலத்தில் கார்டா? செல்போனில் ஒரே நொடியில் படம் அனுப்பலாமே!" என்று சிரிக்காதீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் காலை வணக்கம் நாற்பது, கல்யாண வீடியோ பத்து, தள்ளுபடி விளம்பரம் இருபது, இவற்றுக்கு நடுவே உங்கள் படமும் ஒன்றாக வரும். மத்தியானத்துக்குள் அது அடியில் போய்விடும். தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும் கார்டு அப்படி அல்ல. இப்போதெல்லாம் அது அபூர்வமாகிவிட்டதனாலேயே அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

நம்மவர்களுக்குக் கார்டு வெறும் காகிதமாக இருந்ததே இல்லை. நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். துக்கச் சேதி என்றால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மற்றவை கம்பியில் குத்தப்பட்டு வருஷக் கணக்கில் தொங்கும். இன்னொரு விசேஷமும் உண்டு. உறை போட்ட கடிதத்தை விலாசதாரர் மட்டும் படிப்பார். கார்டையோ தபால்காரர் முதல் மாமியார் வரை எல்லாரும் படித்துவிடுவார்கள்! ரகசியத்துக்கு அது கெடுதல். வியாபாரத்துக்கு அதைவிட நல்லது உண்டா?

இந்தியாவில் முதல் தபால் கார்டு 1879-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி வெளிவந்தது. விலை காலணா. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1869-ல், ஆஸ்திரியா-ஹங்கேரியில் உலகத்தின் முதல் கார்டு பிறந்துவிட்டது. படத்துக்கும் கார்டுக்கும் சிநேகம் ஏற்பட அதிக நாள் ஆகவில்லை. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் அரண்மனையிலிருந்து நம் பூஜை அறைக்குக் கொண்டுவந்தார் அல்லவா? அந்த அச்சுக்கூடத்துப் படங்கள் கார்டுகளாகவும் ஊர் சுற்றின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் கம்பெனியும் படக் கார்டுகள் போட்டு விற்றது.

தபாலையே நம்பிச் சித்திரக்காரர்கள் பிழைத்த கதையும் உண்டு. ஜெர்மனியில் ஸ்டெக்மன் என்று ஒருவர். இளம்பிள்ளை வாதத்தால் கைகள் விளங்காமல் போனவர். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டே பெரிய ஓவியரானார். 1950-களில் அவர் தம்மைப் போன்ற வாயால், காலால் வரையும் ஓவியர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதன் தலைமையிடம் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டித் தேசம். அவர்கள் வரைந்த படங்கள் வாழ்த்து அட்டைகளாகவும் காலண்டர்களாகவும் தபாலில் வீடு வீடாகப் போயின. இந்தியாவிலும் அதற்குக் கிளை உண்டு. கடை இல்லை, கண்ணாடி அலமாரி இல்லை. விலாசமும் தபாலுமே மூலதனம்!

நம் தபால் இலாகாவுக்கும் இந்த சூட்சுமம் தெரிந்திருந்தது. 2002-ல் 'மேகதூத்' என்று ஒரு கார்டு வெளியிட்டார்கள். விலாசப் பக்கத்தில் ஒரு விளம்பரம் இருக்கும். அதற்குப் பதிலாக வாங்குகிறவருக்கு விலை 25 காசுதான்!

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்களிடம் சாமான் வாங்குகிறவரிடம், "புதிதாக ஏதாவது செய்தால் ஒரு கார்டு போடலாமா?" என்று கேளுங்கள். சம்மதித்தால் பெயர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு இலக்கப் பின்கோடை மறக்க வேண்டாம். அது 1972-ல் வந்த ஏற்பாடு. 6-ல் ஆரம்பித்தால் பெரும்பாலும் தமிழ்நாடு அல்லது கேரளம். கடைசியாக, எதை வாங்கினார், எதற்காக வாங்கினார் என்று ஒரு வரி. மகள் கல்யாணத்துக்கா, கிருகப்பிரவேசத்துக்கா, கொலுவுக்கா? இந்த ஒரு வரிதான் தங்கம். இந்த நோட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். "இனி வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் உடனே பெயரை அடித்துவிடுங்கள்.

அறியாத ஆயிரம் பேருக்கு அச்சடித்த கார்டு போடுவதைவிட, அறிந்த ஐம்பது பேருக்குக் கையால் எழுதுவது மேல். தபால் கட்டணமே இதற்கு சாட்சி. கையால் எழுதும் சாதாரணக் கார்டுக்குப் பல வருஷமாக 50 காசு; விஷயத்தை அச்சடித்த கார்டுக்கு 6 ரூபாய். பன்னிரண்டு மடங்கு! ஐம்பது பேருக்குக் கையால் எழுதினால் 25 ரூபாய். அச்சடித்துப் போட்டால் 300 ரூபாய். உங்கள் படத்தை அச்சிட்டுச் சொந்தமாகக் கார்டு செய்வதானால், முதலில் ஒன்றைத் தபாலாபீசில் காட்டி, எவ்வளவு தலை ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், சாதாரணக் கார்டின் ஓரத்தில் உங்கள் கையாலேயே ஒரு சின்னக் கோலமோ பூவோ வரையுங்கள். அச்சுக்கூடத்தால் செய்ய முடியாத காரியம் அது.

என்ன எழுதுவது? தையல் வேலை செய்கிற ஒரு பெண் இப்படி எழுதலாம்:

"அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். போன தை மாதம் கண்காட்சியில் நீங்கள் வாங்கிய நீலப் பையின் ஓரத்தில் கண்ணாடித் தையல் இருக்கிறதே, அதே தையலில் இப்போது தலையணை உறை போட்டிருக்கிறோம். சிவப்பும் பச்சையும் இருக்கின்றன. நவராத்திரிக்கு யாருக்காவது வைத்துக் கொடுக்க வேண்டுமானால் ஆவணி முடிவதற்குள் தெரிவியுங்கள். பையில் கண்ணாடி விட்டுப்போயிருந்தால் அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம்."

கீழே பெயரும் போன் நம்பரும். அவ்வளவுதான்! 'வாங்குங்கள்' என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? ஆனால் எந்தச் சாமான், எதற்கு உதவும், எப்போது சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உன்னை நினைவு வைத்திருக்கிறேன்' என்ற சேதி இருக்கிறது. பாக்கிப் பணம் கேட்பதை மட்டும் கார்டில் எழுதிவிடாதீர்கள். மாமியாரும் படிப்பார் என்று முன்பே சொன்னேன்!

வருஷத்துக்கு மூன்று கார்டு போதும். கொலுவுக்கு முன் ஒன்று, தீபாவளிக்கு முன் ஒன்று, தை பிறக்குமுன் ஒன்று. பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஐம்பது கார்டுக்கு இரண்டே பதில் வந்தால் மனம் தளராதீர்கள். இரண்டு தலையணை உறை விற்றாலே கார்டுச் செலவு கட்டிவிடும். மற்ற நாற்பத்தெட்டுப் பேரில் யாரோ ஒருவர் கார்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருப்பார். அவர் வீட்டுக் கல்யாணம் வரும்போது கை அங்கேதான் போகும்.

கைவேலை தெரியாத வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தி தைத்த பை இருக்கும். யாரோ எழுதிய படம் சுவரில் இருக்கும். அடுத்த கண்காட்சியில் அவர்களைப் பார்த்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுங்கள். மலைக்கு நடுவே ஒரு நோட்டில் உங்கள் பெயர் ஏறும். ஒரு நாள் உங்கள் வாசலில் கார்டு வந்து விழும். வந்தால் பதில் போடுங்கள். இரண்டு வரி போதும். அந்தக் கார்டை அங்கே ஒரு வீட்டில் எல்லாரும் கூடிப் படிப்பார்கள். மறுநாள் ஊசியில் நூல் கோப்பார்கள்.