வளவில் நிற்கும் ஜீப் யாருடையது?



இம்முறை ஒரு பழைய வாகனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். மௌலவிக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது ஆண்களின் காரியம், பக்கத்தைப் புரட்டிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். நமது பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கு உரியவை. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே உங்கள் கணவரோ மகனோ ஒரு பழைய லாண்ட் றோவர் ஜீப்பைக் கழற்றிப் போட்டால், அது கழன்று கிடக்கப் போவது உங்கள் வளவில்தான். எண்ணெய் சிந்துவதும் உங்கள் முற்றத்தில்தான். அதற்குச் செலவாகும் பணமும் உங்கள் அடுப்பங்கரையைத் தாண்டித்தான் போகும்.

வாவிக்கரையின் வாழ்க்கை எப்படி அமைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எழுவான்கரையில் குடியிருப்பு, படுவான்கரையில் வயல். மாரி மழையில் வயற்பாதை சேறாகிவிட்டால் சாதாரணக் காருக்கு அங்கே வேலையில்லை. நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்தான் போகும். மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதுவரை வாகனத்தைப் பாதையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டு போனோம். பின்னர் யுத்தம் வந்தது. 1990க்குப் பிறகு நம்மவரில் பலர் தம் வயல்களுக்குப் போக முடியாதவராயினர். வயலுக்குப் போகாத ஜீப் வளவில் நிற்கத்தானே செய்யும்? போக வழி பிறந்த காலத்தில் உழவு இயந்திரமும் லேண்ட்மாஸ்டரும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது உப்புநீரில் மூழ்கிய வாகனங்களும் உண்டு. இப்படித்தான் கிடுகுக் கொட்டிலின் கீழ், கோழி அடைகாக்கும் இடமாக, ஒரு ஜீப் பல ஆண்டுகள் நின்றுவிடுகிறது.

இப்போது இளைஞர்களுக்கு அதன்மீது ஆசை வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதை எல்லோரும் கண்டோம். "வாப்பாவின் ஜீப்பைத் திருத்தி எடுக்கப் போகிறேன்" என்று மகன் சொன்னால் அது வெறும் விளையாட்டுப் பேச்சல்ல. அதில் நினைவும் இருக்கிறது, பணமும் இருக்கிறது.

திருத்தக் கூடிய வாகனமா என்று கேட்டால், மற்றெந்த வாகனத்தையும்விட இதைத் திருத்துவது எளிது என்பேன். அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குக் கடும் பங்கீடு. றோவர் கம்பனியின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் இராணுவம் கழித்த ஓர் அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் விவசாயிக்கென்று ஒரு வாகனம் செய்யும் எண்ணம் பிறந்தது. உருக்குக் கிடைக்காததால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். கீழே தாங்கும் சட்டமாகிய செசியை இரும்பில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. விவசாயி தானே கழற்றிப் பூட்ட வேண்டும் என்பதால் பெரும்பாலான பாகங்கள் நட்டிலும் போல்ட்டிலும் நிற்கின்றன. கதவு, மட்காட், கூரை எல்லாம் சாதாரண ஸ்பானரால் கழன்றுவிடும். முதல் வகை 1958 வரை, இரண்டாம் வகை அதிலிருந்து 1971 வரை, மூன்றாம் வகை 1985 வரை என்று வந்தன. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சங்கில் 1950களின் லாண்ட் றோவர்கள் மலைப்பாதையில் பயணிகளை ஏற்றி ஓடியதை உலகமே வியந்து பார்த்தது. அந்த மெக்கானிக்மார் பெரிய கல்லூரியில் படித்தவர்களல்லர்.

ஆனால் மலைநாடு வேறு, வாவிக்கரை வேறு. நம்முடைய காற்றில் உப்பு இருக்கிறது. வெளியே பளபளக்கும் அலுமினியத்தைப் பார்த்து "பரவாயில்லையே, கறளே இல்லை" என்று மகிழ்கிறோம். அலுமினியத்துக்குச் செங்கறள் பிடிக்காது என்பது உண்மைதான். இரும்போடு அது தொட்டு நிற்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிர்ந்துபோகும். இதைவிடப் பெரிய ஆபத்து செசி. அது உள்ளே வெறுமையான பெட்டிபோலச் செய்யப்பட்ட இரும்பு. சேறும் ஈரமும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ட் அழகாகவே இருக்கும். ஆகவே ஒரு போல்ட்டைக் கழற்றுமுன் சின்னச் சுத்தியலால் செசி முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், உக்கியது மண்பானை உடைந்த சத்தம் தரும். பின்புறக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் நீளும் கைகள், வில்லுகள் மாட்டியிருக்கும் இடம், ஓட்டுநர் கால் வைக்கும் தகடு ஆகியவற்றைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். குத்தியது உள்ளே போய்விட்டால் செலவு எஞ்சினிலல்ல, அங்கேதான். ஒட்டின்மேல் ஒட்டு வைத்து வெல்டிங் செய்தவர்களின் கைவண்ணத்தையும் அப்போது காணலாம்.

இன்னொன்று. செசியில் பொறித்த இலக்கமும் பதிவுப் புத்தகத்து இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கறள் சுரண்டும்போது அந்த இலக்கமும் சுரண்டப்பட்டுவிட்டால், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது சட்டத்தின் கண்ணில் இரும்புக் குவியல்தான்.

இனி, நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

வாப்பா மௌத்தாகிவிட்டார், ஜீப் அவருடையது என்றால், அது மூத்த மகனுடையதல்ல. ஓட்டத் தெரிந்தவருடையதும் அல்ல. அது அனந்தரச் சொத்து. ஜனாஸாச் செலவும் கடனும் போய், வஸிய்யத் இருந்தால் அதுவும் போய், மிஞ்சியது எல்லா வாரிசுகளுக்கும் உரியது. கடன் என்றதும் கடைக்காரனின் கொப்பியை மட்டும் நினைக்காதீர்கள். உம்மாவுக்குக் கொடுபடாத மஹர் இருந்தால் அதுவும் கடனே. பங்குகள் சூரா அந்நிஸாவின் 11ஆம், 12ஆம் வசனங்களில் வரையறுக்கப்பட்டவை. நம் நாட்டுச் சட்டமும் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அதையே ஏற்றிருக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். மௌத்தானவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு பெண்மக்கள். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் வஸிய்யத்தும் இல்லை. ஜீப்பின் இன்றைய விலை 16 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 2 இலட்சம். மிகுதி 14இல் மகனுக்கு 7, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் மூன்றரை. அதாவது வளவில் நிற்கும் அந்த ஜீப்பில் பாதிக்கு மேல் பெண்களுடையது!

வீடு கொடுத்தாயிற்று, இனிப் பெண்பிள்ளைக்கு என்ன பங்கு என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. வாப்பா உயிருடன் இருக்கும்போது மகளுக்குக் கொடுத்த வீடு அன்பளிப்பு. அது மௌத்துக்குப் பின் வரும் பங்கை அழித்துவிடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தம்பி இரண்டு வருடம் பாடுபட்டு ஜீப்பை ஓடவைத்தார். நல்ல பிள்ளை, கைக்காசு முழுவதையும் அதில் போட்டார். ஒருவர் பெரிய விலைக்குக் கேட்டு வந்தபோதுதான் ராத்தாமார் இருவரும் தங்கள் பங்கை நினைத்தார்கள். "நான் போட்ட காசு?" என்றார் தம்பி. "எங்களைக் கேட்டா போட்டாய்?" என்றார்கள் அவர்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் தீரவில்லை. கூட்டுச் சொத்தில் மற்றப் பங்காளிகளைக் கேளாமல் ஒருவர் செலவு செய்தால், பொதுவாக அவரைத் தாமாக விரும்பிக் கொடுத்தவராகவே நமது ஷாபிஈ மத்ஹப் கருதுகிறது. அதைத் தம்பியிடம் சொல்ல எனக்கே மனம் கஷ்டமாக இருந்தது. வேலை தொடங்கிய அன்று பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது? முதலில் கறளும் கோழியெச்சமுமாக நிற்கும் அதே நிலையில், வாகனம் தெரிந்த இருவரைக் கொண்டு விலை மதிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, திருத்தப் போகிறவர் மற்றவர்களின் பங்கை அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். காசு உடனே இல்லையென்றால் தவணை குறித்து எழுதலாம். அல்லது செலவைக் கணக்கெழுதி, விற்கும்போது செலவைக் கழித்துவிட்டு மிகுதியைப் பங்கிடுவோம் என்று எல்லோரும் ஒப்பலாம். சகோதரிகள் மனம் விரும்பி விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஆனால் அண்ணன் எதிரே நிற்க, உம்மா முகத்தைப் பார்க்க, "சரி காக்கா, நீங்களே எடுங்க" என்று தலைகுனிந்து சொல்வது மனம் விரும்பியதாகாது. வெட்கத்தைக் கொண்டு வாங்கியதும் பறித்ததும் ஒன்றே என்று அறபுக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் அந்தப் பங்கை யாரும் அன்பளிப்புச் செய்ய முடியாது, தாயாலும் முடியாது.

இதெல்லாம் முடிந்ததா? இனி ஸ்பானரை எடுக்கலாம்.

கழற்றும் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டும் போல்ட்டும் காலிப் பால்மா ரின்களுக்குப் போகட்டும். இடது கதவு, வலது மட்காட் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். மகள் இருந்தால் அவளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கராஜ் பாஸ்மாரைவிடத் திருத்தமாகச் செய்வாள். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் பழைய பாகத்தையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். வகைக்கு வகை சிறு மாற்றம் உண்டு.

வீட்டில் வேலை நடக்கும்போது சில விஷயங்களில் நீங்கள் சற்றுக் கடுமையாகவே இருக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதவோ தட்டவோ கூடாது. நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிவிட வேண்டும். வேலை செய்த உடுப்பை வீட்டுத் துணியோடு உதறிக் கழுவாதீர்கள். வெளிநாடுகளில் கணவன்மாரின் வேலை உடுப்பைக் கழுவியே அஸ்பெஸ்டஸ் நோய்க்கு ஆளான பெண்கள் இருக்கிறார்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி உரஞ்சினால் தூசி குழந்தையின் வாய்க்குப் போகும்; நீர்த்தாளால் நனைத்து உரஞ்ச வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. மண்ணெண்ணெயையும் பிரேக் ஓயிலையும் சோடாப் போத்தலில் வைக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். எத்தனை குழந்தைகள் அதைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கின்றன! ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக்கூடாது. சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுப்பதும் ஆபத்து, அது சொல்லாமல் வெடிக்கும். தடித்த மரக்குற்றியோ இரும்பு ஸ்டாண்டோ வேண்டும். இந்த ஜீப்பில் பெற்றோல் தாங்கி பெரும்பாலும் முன் இருக்கைக்குக் கீழேயே இருக்கும். வெல்டிங் நெருப்பு வளவுக்குள் வருமுன் தாங்கி கழன்று தூரப் போயிருக்க வேண்டும். வெறும் தாங்கி என்று சொல்லி அதிலேயே வெல்டிங் வைக்க எவரையும் விடாதீர்கள். பெற்றோல் இல்லாத தாங்கிக்குள் அதன் ஆவி இருக்கும், அதுதான் வெடிப்பது.

பெயின்ட் அடிப்பதற்கும் நாள் பார்க்க வேண்டும், சாத்திரத்துக்கல்ல. கச்சான் வீசும்போது மணல் வந்து ஒட்டும். வாடையில் ஈரம் ஏறிப் பெயின்ட் மங்கும். காற்று மாறும் இடைவெளியில் அடிக்க வேண்டும். நிறத்தைப் பற்றி வீட்டில் சண்டை வந்தால், ஆரம்ப வண்டிகளெல்லாம் பச்சையாகவே வந்தன என்று சொல்லுங்கள். மகன் சிவப்புத்தான் கேட்பான்.

எவ்வளவு காலம் எடுக்கும்? அவர்கள் சொல்வதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1948இல் அம்ஸ்டர்டாமில் காட்டிய வண்டிகளில் ஒன்றே அறுபதுகளில் ஓட்டம் நின்று, வேல்ஸில் ஒரு வயலில் இருபது வருடம் கிடந்து, திருத்தவென்று ஒருவர் வாங்கிய பின்னும் முடிக்கப்படாமல் ஒரு தோட்டத்தில் கிடந்தது. அது பிறந்த சொலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தூரத்தில்! அதைத் திருத்தப் போவதாக அந்தக் கம்பனி அறிவித்தது 2018இல். ஆகவே உங்கள் முற்றத்தில் இரண்டு பெருநாள் கழிந்தும் ஜீப் கழன்றே கிடந்தால் கோபிக்காதீர்கள். ஆனால் நகையை அடகு வைத்து முடிப்போம் என்ற பேச்சு வந்தால், வேலையை நிறுத்தி ஒரு தார்ப்பாயால் மூடி வைக்கலாம், அலுமினியம் காத்திருக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு கடற்கரை மணலில் ஓட்டிக் காட்ட ஆசைப்படுவார்கள். போய் வந்த அன்றே கீழ்ப்புறத்தை உப்பில்லாத நீரால் கழுவ வேண்டும். ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன் செசியின் துளைகள் வழியே உள்ளுக்குள் எண்ணெய் அடிக்க வேண்டும். கழிவு ஓயிலைக் கானில் ஊற்றாமல் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள். கானில் போவது வாவிக்குத்தான் போய்ச் சேருகிறது.