அது புதையல் அல்ல, ஊராரின் நகை

பாடசாலை விடுமுறை நாளொன்றில், பாப்பாமோட்டையில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு இருந்து ஒரு பழைய படம் பார்த்தேன். 'ட்ரெஷர் ஐலண்ட்'. ரொபேர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதி 1883 இல் நூலாக வந்த நாவலை 1950 இல் டிஸ்னி நிறுவனம் படமாக்கியது. கப்பல், வரைபடம், ஒற்றைக்கால் கொள்ளையன், அவன் தோளில் கிளி. பேச்சு விளங்காவிட்டாலும் பிள்ளைகளுக்குக் கதை விளங்கியது. வரைபடத்தில் குறித்த இடத்துக்குக் கொள்ளையர் ஓடி வருகிறார்கள். அங்கே வெறுங்குழி. வேறொருவன் முந்திவிட்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பின்னால் கதிரையில் இருந்த அவர்களின் அப்பம்மா சிரிக்கவில்லை. "எங்கட வளவிலயும் இப்பிடித்தான் கிடந்தது" என்றார்.

2008 இல் சண்டை மன்னார்க் கரையோரமாக மேலேறி, ஆடி மாதம் விடத்தல்தீவு படையினர் வசமானது. அதற்கு முன்னரே இப்பக்கத்துச் சனம் வன்னிக்குள் நகர்ந்துவிட்டது. போகும்போது அவர் ஒரு சோடித் தோட்டையும் இரண்டு காப்பையும் பால்மாப் பேணியில் போட்டு, பனையடியில் தாட்டுவிட்டுப் போனார். முகாம் வாழ்க்கை முடிந்து திரும்பியபோது பனைக்கு வட்டு இல்லை. அடியில் குழி மட்டும் இருந்தது. எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. "ஆரைக் கேக்கிறது?" என்பதோடு அந்தக் கதையை அவர் முடித்துக்கொள்வார்.

புதையல் படங்கள் நம்மைச் சிரிக்க வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெட்டிக்கு உரியவர் என்று எவரும் திரையில் வருவதில்லை. கொள்ளையடிக்கப்பட்டவர்கள் கதை தொடங்க முன்னரே செத்துப்போனார்கள். ஆகவே கண்டெடுத்தவனுக்கே சொந்தம். வடக்கில் மண்ணுக்குள் இருந்து எடுக்கப்படும் தங்கத்தையும் இதே கண்ணால் பார்ப்பதுதான் இங்குள்ள சிக்கல்.

யுத்தம் முடிந்த பின்னர், 'புலிகளின் தங்கம்' தேடி நீதிமன்ற அனுமதியோடு முல்லைத்தீவில் பலமுறை தோண்டினார்கள். பொலிஸாரும் அதிரடிப்படையும் சூழ நிற்க, பெக்கோ இயந்திரம் நாள் முழுவதும் கிண்டும். பல தடவைகள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். செய்திகளில் அது ஒரு சாகசக் கதைபோலவே வரும். அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் வராது.

வன்னியில் நகை என்பது அலங்காரம் மட்டுமல்ல. மகளின் சீதனம், விதைநெல்லுக்கான காசு, வள்ளத்து இயந்திரம் பழுதானால் கை கொடுக்கும் முதல் எல்லாம் அதுதான். 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்திலும் அதை அடகு வைத்தார்கள். துண்டுகள் பதுங்குகுழிகளோடு போயின.

2025 மே 2 ஆம் திகதி, இறுதி யுத்தக் காலத்தில் கைப்பற்றிய தங்க, வெள்ளிப் பொருட்களை இராணுவம் பதில் பொலிஸ் மா அதிபரிடம் கையளித்தது. மக்களின் நகைகளும் அவற்றில் உண்டு என்பதும், உரியவர்களை உறுதிப்படுத்திக் கொடுப்பதே நோக்கம் என்பதும் அப்போது சொல்லப்பட்டன. 16 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த அந்த ஒப்புதலை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அடகுத் துண்டு கொண்டுவா என்று கேட்டால், ஒருவரும் வரமாட்டார்கள். துண்டு வைத்திருக்கக்கூடிய வாழ்க்கையா அது?

வழி இல்லாமல் இல்லை. செம்மணி சித்துப்பாத்திப் புதைகுழியில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு சட்டையை, ஒரு வளையலை அடையாளம் காணும் அறிவு உறவுகளுக்கு உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காப்பின் வளைவையும் தாலிக்கொடியின் முறுக்கையும் ஒரு பெண் அதைவிட நன்றாகவே அறிவாள். பொய் உரிமைகோரல் வரும் என்பது நியாயமான பயம். அதற்காகப் படத்தை வெளியிட்டு, எடையையும் உள்ளே பொறித்த எழுத்தையும் மறைத்து வைக்கலாம். தமிழில் பட்டியல் வரட்டும். பிரதேச செயலகம்தோறும் பார்க்கக் கிடைக்கட்டும். கிராமத்தவரின் சாட்சியமும் துண்டாக எண்ணப்படட்டும். உரியவர் வராத நகை, அந்த மாவட்டங்களின் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குப் போகட்டும்.

இலங்கையிலும் ஒரு புதையல் படம் உண்டு. 1962 இல் வந்த 'ரன்முத்து தூவ', நாட்டின் முதலாவது முழுநீள வண்ணத் திரைப்படம். திருகோணமலைக் கடலடியில் எடுத்த குதூகலமான சாகசக் கதை அது. அதை இயக்கிய மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் எச்சங்களிடையே சுழியோடி ஒரு லிங்கத்தைக் கண்டெடுத்தார். அதை அவர் தன்னோடு கொண்டுபோகவில்லை. அது கோணேசர் கோவிலுக்கே திரும்பியது.  புதையல் படம் எடுத்த அதே மனிதர், வாழ்க்கையில் கண்டெடுத்ததை உரிய இடத்தில் சேர்த்தார்.

எங்கள் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் கருவியோடு பற்றைக்குள் போகிறவர்கள், அந்த மண்ணில் வெடிபொருள் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. எலும்புகளும் இருக்கலாம். பாப்பாமோட்டைக்குச் சற்றுத் தள்ளி, திருக்கேதீஸ்வரத்தில் 2013 இல் நீர்க்குழாய் புதைக்கத் தோண்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. ஒரு மண்வெட்டி ஒரு தாயின் சாட்சியத்தை அழித்துவிடக்கூடும்.

படம் முடிந்ததும் சின்னவன் கேட்டான்: "அப்பம்மா, அந்தக் காசு முதல்ல ஆருடையது?"

அவனுக்கு எட்டு வயது. அந்தக் கேள்வியைத்தான் கொழும்பில் பட்டியல் எழுதுகிறவர்களும் முதலில் கேட்க வேண்டும்.