ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிப்பது ஏன்?

பட்டுத் தறிக் கூடத்தில் சரிகை காணாமல் போனாலும், பெரிய வீட்டில் நகை காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குள் வரும் என்பது காஞ்சிபுரம் வட்டாரக் காலனிகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் தெரியும். ‘சும்மா விசாரணைதான்’ என்று அழைத்துப் போவார்கள். அங்கே முதல் கேள்வியே, ‘எடுத்ததை எங்கே வைத்தாய்?’ என்பதுதான்.

காவலரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது நீதிமன்றத்தில் செல்லாது. சென்னை மாகாணத்தில் வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி போட்டு விரல்களை நெரித்ததை 1855-ல் வெள்ளையர் அரசு அமைத்த குழுவே பதிவு செய்தது. 1861-ல் வந்த இந்தத் தடை, 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்தது. இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாக இருக்கிறது.

செல்லாத வாக்குமூலத்துக்கு அடி எதற்கு? சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அது தொடர்பாக அவர் சொன்ன பகுதி மட்டும் சாட்சியமாகும். கைரேகை, செல்போன் பதிவு என்று தேடினால் நாளாகும். மேலதிகாரியோ ‘நகை வந்ததா?’ என்று கேட்டபடி இருக்கிறார். லத்திதான் குறுக்கு வழியாகிறது. திருடாதவனிடம் எடுத்துக் கொடுக்கப் பொருள் இருக்காது. அதனால்தான் அவனுக்கு அடி நிற்பதில்லை.

1993-ல் விருத்தாசலம் பகுதி முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணு, நகைத் திருட்டு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது காவல்துறை. மனைவி பார்வதி உயர் நீதிமன்றம் வரை போனதால்தான் உண்மை வெளிவந்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் நகைப் புகாரில் அடிபட்டே இறந்தார். இடையில் 32 ஆண்டுகள். கேள்வி கேட்க ஆளில்லாத எளியவர் மேல்தான் லத்தி துணிந்து இறங்குகிறது.

அந்த ஆளாக நாம்தான் நிற்க வேண்டும். யாரை, எப்போது, எந்த வண்டியில் அழைத்துப் போனார்கள் என்று படிக்கும் பிள்ளைகள் உடனே குறித்து வையுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், உறவினருக்குத் தெரிவிக்கவும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவும் காவல்துறை கடமைப்பட்டது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடித்திருந்தால் நடுவரிடம் பயப்படாமல் சொல்லுங்கள்.

காவல் நிலையம் முழுதும் கேமரா வைக்க 2020-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மடப்புரத்தில் அடி விழுந்ததோ காவல் நிலையத்துக்கு வெளியே. கேமரா இல்லாத இடத்தில் விசாரணையே கூடாது என்று மாவட்டக் காவல்துறை எழுத்தில் ஆணையிட வேண்டும். இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. சட்டப்படி நடக்கத்தான் கேட்கிறோம்.