இடுப்பு இல்ல பாஸ், முட்டியைப் பாருங்க!

இந்த வாரம் பெல்லி டான்ஸ் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதும் ஹாஸ்டல் மெஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. ரசம் ஊத்தற அண்ணன்கூட கரண்டியை நிறுத்திட்டார். அப்பாக்களுக்கு 'ஷோலே' ஹெலன் ஞாபகம் வரும், அக்காக்களுக்கு ஷகிரா. ரெண்டு பேரையும் கொஞ்சம் ஓரமா உட்கார வைங்க. நம்ம மேட்டர், அந்த டான்ஸைச் சொல்லிக் கொடுக்கற வீடியோ எடுக்கறவங்க.

மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? இன்ஜினை ஓட்டிக் காட்டறது ஒரு வேலை. அதையே கழட்டிக் காட்டறது வேற வேலை. மேடையில ஆடறவங்க ஓட்டிக் காட்டறாங்க. பாடம் எடுக்கற வீடியோ கழட்டிக் காட்டணும். இந்த வித்தியாசம் தெரியாம கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பினவங்கதான் ஜாஸ்தி.

குழப்பம் பேர்லயே ஆரம்பிக்குது. அரபியில இதுக்கு 'ரக்ஸ் ஷர்க்கி'ன்னு பேர். கீழைத்தேச நடனம்னு அர்த்தம். வயிறுங்கற வார்த்தையே அதுல கிடையாது. 'வயிற்று நடனம்'னு பேர் வெச்சது பிரெஞ்சுக்காரங்க. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அப்புறம் அமெரிக்காவுல அந்தப் பேரே பசை போட்டு ஒட்டிக்கிச்சு. பேர் அப்படி ஆனதும் எல்லார் கண்ணும் வயித்துக்குப் போச்சு. பின்னாடி வந்த கேமராவும் அங்கேயே போய் நின்னுடுச்சு.

ஆனா வேலை நடக்கற இடம் வேற. 'ஷிம்மி'ன்னு ஒண்ணு இருக்கு. இடுப்பு படபடன்னு அதிருமே, அது. ரெண்டு முட்டியையும் லேசா மடக்கி, ஒண்ணை நீட்டி ஒண்ணை மடக்கி மாத்திக்கிட்டே இருந்தா இடுப்பு தானா ஏறி இறங்கும். மேல ஆடறது வெறும் ரிசல்ட், மோட்டார் கீழே இருக்கு. (பின்பக்கத் தசையை இறுக்கி விட்டுச் செய்யற ஷிம்மியும் உண்டு. ஆரம்பப் பாடம் பெரும்பாலும் முட்டிதான்.) அப்போ தொப்புளுக்கு க்ளோஸ்-அப் வெச்சா கத்துக்கறவளுக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது. உச்சி முதல் பாதம் வரைக்கும் ஃபிரேமுக்குள்ள இருக்கணும். தரையைத் தொடற பளபளப் பாவாடை மேடைக்கு அழகு, பாடத்துக்கு எதிரி. முட்டியையே மறைச்சுடும். நல்ல டீச்சருங்க சாதாரண லெக்கிங்ஸ் போட்டு, இடுப்புல ஒரு ஸ்கார்ஃபை மட்டும் கட்டிக்கிட்டு வர்றது அதனாலதான்.

முதல் வருஷ இன்ஜினீயரிங் டிராயிங் ஞாபகம் இருக்கா? ஃப்ரன்ட் வியூ, சைடு வியூ, டாப் வியூன்னு உயிரை எடுப்பாங்களே... அது இங்கே உதவுது! இடுப்பால படுக்கவெச்ச எட்டு போடற ஸ்டெப் ஒண்ணு, நிக்கவெச்ச எட்டு போடற ஸ்டெப் ஒண்ணு. நிக்கற எட்டு முன்னாடி இருந்து பார்த்தாலே புரிஞ்சுடும். படுத்த எட்டு தரைக்கு இணையாப் போகுது. நேர்ல இருந்து பார்த்தா இடமும் வலமும் போற மாதிரிதான் தெரியும். அதுக்கு டாப் வியூ வேணும். கேமராவை சீலிங்ல மாட்ட முடியாதவங்க, தரையில டேப் ஒட்டி எட்டு வரைஞ்சு காட்டறாங்க. வயிறு அலை மாதிரி உருளற ஸ்டெப்புக்கு சைடு வியூ. எங்க டிராயிங் சார் படிச்சா ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

அடுத்தது இடம்-வலம் தகராறு. டீச்சர் நம்மைப் பார்த்து நின்னா, அவங்க வலது நமக்கு இடதுபக்கம் தெரியும். முதுகைக் காட்டி நின்னா இந்தக் குழப்பம் இல்லை, ஆனா நெஞ்சுல நடக்கற அசைவு போச்சு. எடிட்டிங்ல படத்தை இடவலமா புரட்டிட்டா கண்ணாடி பார்த்து ஆடற மாதிரியே ஆயிடும். அப்படிப் புரட்டறதா இருந்தா எழுத்து போட்ட டி-ஷர்ட் மட்டும் வேண்டாம்!

கணக்கு ஒண்ணு போடலாமா? நிமிஷத்துக்கு 120 பீட் ஓடற பாட்டு. ஒரு பீட்டுக்கு 4 அசைவுன்னா செகண்டுக்கு 8. கேமரா செகண்டுக்கு 25 ஃபிரேம் எடுத்தா ஒரு அசைவுக்கு 3 படம்தான் கிடைக்கும். அதுவும் ஷட்டர் மெதுவா இருந்தா கலங்கின படம். 60 ஃபிரேம்ல எடுத்தா ஏழெட்டுப் படம் வரும், ஸ்லோ-மோஷன்லயும் முட்டி முட்டியாத் தெரியும். இன்னிக்கு சாதாரண போனே இதைச் செய்யுது.

கேமராவே இல்லாமகூட இந்தப் பாடம் வித்திருக்கு. 1969-ல் ஓசல் துர்க்பாஷ்ங்கற துருக்கி டான்ஸர் ஒரு எல்.பி. ரெக்கார்டு வெளியிட்டாங்க. கூடவே ஸ்டெப் சொல்லித் தர்ற சின்னப் புத்தகம். தலைப்பு என்ன தெரியுமா? 'உங்கள் கணவரை சுல்தான் ஆக்குவது எப்படி?' (சுல்தான் ஆன அப்புறம் அவர் பாத்திரம் கழுவுவாராங்கறதுக்கு அதுல பதில் இல்லைன்னு நினைக்கிறேன்.) அமெரிக்காவுல ஜமீலா சலீம்பூர், தாஹியா கரியோகா, சாமியா கமால் ஆடின எகிப்து சினிமாக்களைப் பார்த்துக் கத்துக்கிட்டு, பேர் இல்லாத ஸ்டெப்புக்கெல்லாம் பேர் வெச்சு வரிசைப்படுத்தினாங்க. ஒரு அசைவுக்குப் பேர் இருந்தாத்தானே வீடியோவுல 'இப்போ இது'ன்னு சொல்ல முடியும்? அப்புறம் வி.ஹெச்.எஸ். காலத்துல வீணா, நீனான்னு இந்திய வம்சாவளி இரட்டைச் சகோதரிகள் இதையே உடற்பயிற்சியா மாத்தி கேஸட் போட்டாங்க. வீட்டு ஹால்ல டி.வி. முன்னாடி நின்னு அமெரிக்க அம்மாக்கள் ஆட ஆரம்பிச்சாங்க.

2005-ல் யூடியூப் வந்துச்சு. அடுத்த வருஷமே ஒரு வீடியோ 10 நிமிஷத்தைத் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. ஒரு வீடியோவுக்கு ஒரு ஸ்டெப்புன்னு பாடத்தைத் துண்டு போடறதுக்கு அது தோதா இருந்துச்சு. 2010-ல் அந்த அளவு 15 நிமிஷம் ஆச்சு. பாட்டுதான் தலைவலி. காப்பிரைட் இருக்கற அரபுப் பாட்டைப் போட்டா சத்தமே காணாமப் போகலாம். அதனால பல டீச்சருங்க தெரிஞ்ச தர்புகாக்காரரைக் கூப்பிட்டு வாசிக்க வெச்சுக்கறாங்க, இல்லேன்னா வாயாலேயே எண்ணறாங்க.

இதுல எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு. கிளாஸ்ல டீச்சர் நம்மைப் பார்ப்பாங்க. வீடியோ பார்க்காது. முட்டியை விறைப்பா பூட்டிக்கிட்டு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, கீழ்முதுகை வளைச்சு ஒருத்தி ஒரு மாசம் ஆடினா முதுகுவலி வந்து படுத்துடுவா. தடுக்க அங்கே ஆள் இல்லை. ஆனா, இந்த வீடியோவை நம்பி இருக்கறவங்க யாரு? கிளாஸுக்குப் போறேன்னு வீட்ல வாயைத் திறக்க முடியாத பொண்ணு. கைக்குழந்தையோட இருக்கற அம்மா. தன் உடம்பைப் பதினஞ்சு பேர் முன்னாடி காட்டக் கூசறவ. கதவைச் சாத்திட்டு ஆடற அவங்களுக்கு அந்த அறையில பதில் சொல்ற ஒரே ஆள் இடுப்பு ஸ்கார்ஃப்ல தொங்கற காசுதான். சத்தம் சீரா வந்தா அசைவு சீரா இருக்கு. 'ஜல்... ஜஜல்'னு தடுமாறினா ஒரு பக்கம் இழுக்குது. இந்தக் காசுச் சத்தம் மைக்குக்கு ஆகாதுன்னு கழட்டச் சொல்ற வீடியோக்காரங்களை எனக்குப் பிடிக்கலை. மைக்கைத் தள்ளி வைங்க சார்!

எடுக்கறவங்க பக்கமும் லேசு இல்லை. எகிப்துல மேடையேறும் டான்ஸர் வலைத்துணி போட்டாவது வயித்தை மூடணும்னு பல காலமா விதி இருக்கு. ஜூன் 2020-ல் சமா எல்-மஸ்ரிங்கற டான்ஸருக்கு, சோஷியல் மீடியாவுல போட்ட வீடியோக்களுக்காக கெய்ரோ கோர்ட் 3 வருஷம் சிறையும் 3 லட்சம் எகிப்து பவுண்டு அபராதமும் விதிச்சது. அது பாடம் எடுத்த வீடியோ இல்லைதான். ஆனா போனை ட்ரைபாட்ல மாட்டற டீச்சருக்கு அந்தச் செய்தி ஞாபகம் வராமலா இருக்கும்?

போன வாரம் நான் பார்த்த ஒரு வீடியோவுல ஐம்பது வயசு இருக்கற ஒரு டீச்சர். முதல் 5 நிமிஷம் அவங்க ஆடவே இல்லை. பழைய டிராக் பேன்ட், வெறும் கால். சுவத்துல முதுகை ஒட்டி நிக்கச் சொல்றாங்க. வால் எலும்பு தரையைப் பார்க்கட்டும், முட்டியைத் தளர்த்து, வலிச்சா உடனே நிறுத்துன்னு மூணு தடவை சொல்றாங்க. அப்புறம் மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு. மியூசிக்கூட இல்லை. ஆறாவது நிமிஷம்தான் ஸ்கார்ஃபை எடுத்துக் கட்டறாங்க.