கணினி எப்படி நின்றது?

நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி, விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் பட்டென்று நின்றுவிட்டால் பெரும்பாலான வீடுகளில் உடனே இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். பிள்ளை, “கார்டு போச்சு” என்பான். பெற்றோர், “ராத்திரி பகலா விளையாடினா போகாம என்ன செய்யும்?” என்பார்கள். இரண்டுமே விசாரணை இல்லாமல் எழுதிய தீர்ப்புகள். அவற்றை நம்பிக் கடைக்குப் போனால் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி கரைந்துவிடும்.

இந்த வாரம் அந்த விசாரணையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வானொலி அறிவிப்பாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நேரலையில் திடீரென்று ஒலி நின்றுபோனால், எங்கள் நிலையத்துப் பொறியாளர் எடுத்தவுடன் எந்தப் பெட்டியையும் திறக்கமாட்டார். “எப்படி நின்னுச்சு?” என்றுதான் முதலில் கேட்பார். கரகரத்துப் பிறகு நின்றதா, வெட்டினாற்போல் நின்றதா? மைக் விளக்கு எரிகிறதா? மீட்டர் ஆடுகிறதா? அந்தப் பதில்களிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். கணினிக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நான்கு விதமான நிறுத்தம்

முதல் விதம்: மொத்தக் கணினியும் ஒரே நொடியில் அணைந்துவிடும். விளக்கு இருக்காது, காற்றாடி சுற்றாது. சில நேரம் தானாகவே மீண்டும் தொடங்கும். நீலத்திரைகூட வராது. இங்கே முதல் சந்தேகம் பவர் சப்ளை மீது விழவேண்டும். தன் சக்திக்கு மேல் மின்சாரம் இழுக்கப்பட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு, தரமான பவர் சப்ளைகளில் உண்டு. அளவு மீறிச் சூடேறினாலும் இப்படி நடக்கலாம்.

இரண்டாவது விதம்: திரை மட்டும் கறுத்துப்போகும். ஆனால் சத்தம் தொடரும். கூட விளையாடும் நண்பர்களின் குரல் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்கும். கார்டின் காற்றாடி விமானம் புறப்படுவதுபோல் இரையும். அப்படியென்றால் கணினி உயிரோடு இருக்கிறது. கார்டுதான் தொடர்பை விட்டுவிட்டது. கார்டுக்குப் போகும் மின்கம்பி, அதன் செருகல், கார்டு உட்கார்ந்திருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது விதம்: படம் ஓரிரு விநாடி உறைந்து, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளும். கணினி வழக்கம்போல் இயங்கும். கார்டு சுமார் 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மறுபடி தொடங்கிவைக்கும். இங்கே டிரைவர் மென்பொருள், வேகம் கூட்டிய அமைப்புகள், சில நேரம் கணினியின் ரேம் ஆகியவை சந்தேக வட்டத்தில் வரும்.

நான்காவது விதம்: நிற்பதற்கு முன்பே திரையில் வண்ணச் சதுரங்களும் கோடுகளும் சிதறும். விண்டோஸ் தொடங்கும் முன் வரும் திரையிலும் அவை தெரிந்தால், கார்டின் நினைவகம் பழுதாகியிருக்கலாம். “கார்டு போச்சு” என்ற தீர்ப்புக்கு இந்த நான்கில் இதில்தான் வலு அதிகம். அப்போதும் திரைக்கு வரும் கேபிளை ஒரு முறை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்றொரு பதிவேடு இருக்கிறது. நின்ற நேரத்தை வைத்து அதில் தேடுங்கள். ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு வரி இருந்தால், பலர் அதையே பவர் சப்ளைக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த வரி, கணினி முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்று மட்டுமே சொல்கிறது. யார் காரணம் என்று சொல்வதில்லை. ‘டிஸ்ப்ளே 4101’ என்றிருந்தால், கார்டின் டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்று பொருள். அது மூன்றாவது விதத்துக்கான அடையாளம்.

விற்றவன் மேல் விழுந்த பழி

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகன் அனிமேஷன் டிப்ளோமா படிக்கிறான். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த 950 வெள்ளியில், பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு ஒன்றை வேறொரு மாணவனிடம் வாங்கினான். இரண்டு வாரத்தில் கணினி அணைய ஆரம்பித்தது. விளையாடும்போது மட்டுமல்ல; பாடத்துக்காக ரெண்டர் போடும்போதும் அணைந்தது. ஒப்படைப்பு வேலைக்கோ ஒன்பது நாள்தான் இருந்தது.

அக்காவின் கோபம் விளையாட்டின் மேல். அவன் கோபம் விற்றவன் மேல். “சித்தி, கெட்டுப்போன கார்டை என் தலையில கட்டிட்டான். காசைத் திருப்பிக் குடுன்னு மெசேஜ் போட்டுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சுன்னு சாதிக்கிறான்” என்றான். வாட்ஸ்அப்பில் வார்த்தைகள் தடித்துவிட்டிருந்தன. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் வேறு; ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“நிக்கிறப்ப சத்தம் கேட்குதா?” என்று கேட்டேன்.

“இல்ல சித்தி. எல்லாமே டப்புன்னு போயிடும். லைட்டுகூட இருக்காது.”

அது முதல் விதம். எனவே விசாரணையை கார்டிலிருந்து அல்ல, பவர் சப்ளையிலிருந்து தொடங்கினோம்.

சராசரியும் உச்சமும்

அவனிடம் இருந்தது ஆறு வருடப் பழைய 500 வாட் பவர் சப்ளை. முன்பிருந்த சின்னக் கார்டுக்காக வாங்கியது. ஆர்டிஎக்ஸ் 3070 கார்டின் மின்தேவை 220 வாட். அதற்கு 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே பரிந்துரைக்கிறது. 220 வாட் எடுக்கும் கார்டுக்கு 500 போதாதா என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, பெட்டிமேல் எழுதிய 500 முழுவதும் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் போவதில்லை. அவை இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அவனுடையதில் 12 வோல்ட்டுக்கு 32 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 384 வாட்தான். கார்டுக்கு 220, ப்ராசஸருக்கு நூறுக்கு மேல், காற்றாடிகள், டிஸ்க் என்று கூட்டிக்கொண்டே போனால் மிச்சம் அதிகமில்லை.

இரண்டாவது பதில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தினமும் நடப்பது. நான் சாதாரணமாகப் பேசும்போது மீட்டர் நடுவில் ஆடும். திடீரென்று சிரித்தால் ஒரு கணம் உச்சிக்குப் போய்விடும். சராசரி ஒலி அப்படியே இருந்தாலும் அந்த ஒரு கணம் போதும், ஒலி சிதறிவிடும். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். 220 வாட் என்பது சராசரி. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அது அதைவிட மிக அதிகமாக இழுக்கக்கூடும். வீட்டு மின்மீட்டரில் அது தெரியாது. பவர் சப்ளைக்குத் தெரியும். இந்தத் திடீர் உச்சங்களுக்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தர விதி, பெரிய பவர் சப்ளைகள் தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்கவேண்டும் என்கிறது. ஆறு வருடப் பெட்டி அந்த விதிக்கு முன்பே பிறந்தது.

சந்தேகத்தைச் சோதிக்கக் காசு தேவைப்படவில்லை. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 70 விழுக்காட்டுக்குக் குறைத்தோம். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அன்று மாலை முழுவதும் ரெண்டர் அணையாமல் ஓடியது. மறுநாள் நண்பனிடம் 750 வாட் பவர் சப்ளையை அதன் கம்பிகளோடு இரவல் வாங்கி மாட்டி, வரம்பை மீண்டும் 100-க்கு ஏற்றினான். இரண்டு இரவு ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. கார்டு நிரபராதி.

புதிய 650 வாட் பவர் சப்ளைக்கு 330 வெள்ளி ஆனது. ஒப்படைப்பு வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவனுக்குக் கடினமாக இருந்தது அந்த 330 வெள்ளி இல்லை. “சாரி பிரோ, கார்டுல ஒண்ணுமில்ல, என் பவர் சப்ளைதான்” என்று விற்ற மாணவனுக்கு அனுப்பவேண்டிய ஒரு வரி. பொதுவான நண்பர்கள் இருக்கும் குழுவிலேயே அதைப் போடச் சொன்னேன். போட்டான்.

காசு செலவழிக்கும் முன்

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். வரிசை முக்கியம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

கணினியை நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள். கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாம் தொங்கும் எக்ஸ்டென்ஷனில் வேண்டாம்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திய பிறகு பெட்டியைத் திறங்கள். உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தூசியைத் தட்டுங்கள். கார்டைக் கழற்றி மீண்டும் ‘கிளிக்’ என்று உட்காரவையுங்கள். எட்டு முனைச் செருகல் ஒன்று 150 வாட் கொடுக்கும். மதர்போர்டின் துளை 75 வாட் கொடுக்கும். கார்டில் இரண்டு செருகல் இருந்தால், ஒரே கம்பியில் இரட்டைத் தலையாக வருவதை மாட்டாமல், பவர் சப்ளையிலிருந்து தனித்தனிக் கம்பி கொடுங்கள்.

புதிய கார்டுகளில் வரும் 16 முனைச் செருகலை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுவதும் அழுத்துங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் சிலருக்கு அந்தச் செருகல் உருகியது. முழுமையாகச் சொருகப்படாததைப் பல சம்பவங்களில் கண்டதாக என்விடியா அப்போது சொன்னது. செருகலின் வடிவமும் பின்னர் திருத்தப்பட்டது.

அடுத்து வெப்பம். விளையாடும்போது கார்டின் வெப்பம் 70, 80 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 90-ஐத் தொட்டால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். கணினியை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளிவைப்பது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

பிறகு டிரைவர். பழையதன்மேல் புதியதைப் போடாமல், ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் ஓட்டிச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வேகம் கூட்டிய அமைப்பு எதுவானாலும் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

கடைசியாகத்தான் இரவல். நண்பரின் பவர் சப்ளையில் உங்கள் கார்டு, அல்லது நண்பரின் கணினியில் உங்கள் கார்டு. இந்த ஒரு சோதனை எந்த ஊகத்தையும்விட மேல்.

செய்யக்கூடாதவை இரண்டு. பவர் சப்ளையின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு பவர் சப்ளையின் கழற்றிமாட்டும் கம்பியை இன்னொன்றில் போடாதீர்கள். முனை ஒன்றுபோல் பொருந்தும். உள்ளே வரிசை மாறியிருந்தால் கார்டே கருகிவிடும்.

புதிதாக வாங்கும்போது ‘80 பிளஸ்’ வெண்கலம், தங்கம் என்ற முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதையே அது சொல்கிறது. கார்டைத் தாங்குமா என்பதற்கு வாட் அளவையும், 12 வோல்ட் ஆம்பியரையும், உத்தரவாத ஆண்டுகளையும் பாருங்கள்.

மாலையானால் இடி மின்னல் கொட்டும் நாடு நம்முடையது. அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். இணையக் கேபிளையும் சேர்த்து உருவுங்கள். மின்னலின் தாக்கம் அந்த வழியாகவும் நுழையும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை “நின்னுப்போச்சு” என்று வந்து நின்றால், திட்டுவதைப் பத்து நிமிடம் தள்ளிவைத்து, ஒரு தாளைக் கொடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, என்ன ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் தொடர்ந்ததா, விளக்கு எரிந்ததா, பவர் சப்ளையில் எத்தனை வாட், வாங்கி எத்தனை வருடம் என்று ஆறு வரி எழுதச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள். எத்தனை மணி வரை விளையாடலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.